குளிர் கீழே, மான் மேலே

ஆர்லிஸ் ஹாகன் பிடிவாதக்காரி என்று ஹாரோ ஓடைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை, பெருமையாகவும் சொல்வதில்லை. மலை வடக்கே இருக்கிறது, ஓடை தெற்கே போகிறது, ஆர்லிஸ் பிடிவாதக்காரி. அவ்வளவுதான். பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவளுக்கு அந்தக் குணம் இல்லாமல் போயிருந்தால், மொன்டானாவின் அந்த மூலையில் பாதிப் பிள்ளைகள் வீட்டோடு கிடந்திருப்பார்கள்.

அவள் பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். அப்பா அடுத்தவர் நிலத்தில் வேலி கட்டிப் பிழைத்தவர். கால் எட்டாத வயதிலேயே டிராக்டர் ஓட்டப் பழகினாள். பிறகு மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்த லைலைக் கட்டிக்கொண்டாள். லைல் நல்லவன், ஆனால் வாய் திறக்க மாட்டான். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து வைத்திருந்த பேச்சை எல்லாம் இளையவன் டுவேன் ஒருவனே அள்ளிக்கொண்டான் என்று ஊரில் சொல்வதுண்டு. மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆர்லிஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள், வருடங்கள் ஓடின. ஒரு பிள்ளையைக்கூட அவள் பனியில் காக்க வைத்ததில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆர்லிஸுக்கு அது ஒரு ஒயரில் சறுக்கியது.

நவம்பர் மாதம் லைல் ஒரு எல்க் அடித்துக் கொண்டுவந்திருந்தான். குதிரை உயரம் நிற்கிற மான் அது. ஒன்று அடித்தால் ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிடும். வெட்டி, தாளில் சுற்றி, வண்டி நிறுத்தும் கொட்டகையில் இருந்த பிரீசரை மூடி வரைக்கும் நிரப்பியாயிற்று. அந்த வாரமே அவனுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்ட வேண்டும் என்றார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு குளிர் கடுமையாக இறங்கியது. அந்தப் பக்கத்தில் வண்டியின் எஞ்சினுக்கு ராத்திரி முழுக்க மின்சார ஒயர் செருகிச் சூடு காட்டாவிட்டால் காலையில் அது எழுந்திருக்காது. கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு செருகுதுளை. ஆர்லிஸ் பிரீசரின் ஒயரைப் பிடுங்கினாள், வண்டியின் ஒயரைச் செருகினாள். பிரீசருக்கு உள்ளே இருப்பதைவிடக் கொட்டகைக்குள் குளிர் அதிகம், ஒரு ராத்திரியில் கறிக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். நினைப்பில் தப்பில்லை. அங்கே எல்லோரும் செய்கிற காரியம்தான். காலையில் அவசரமாகக் கிளம்பியபோது திரும்பச் செருக மறந்தாளே, அதுதான் தப்பு.

அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மேற்கிலிருந்து அந்த வெதுவெதுப்பான காற்று அடித்தது. பனியை ஒரே நாளில் தின்றுவிடுகிற காற்று. திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தபோது மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாசனையே சொல்லிவிட்டது.

ஒரு முழு மானைக் குப்பை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினாள். வீட்டிலிருந்து அங்கு வரைக்கும் காக்கைகள் வண்டிக்குப் பின்னாலேயே பறந்து வந்தன. லைல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவனுக்கு வசந்தம் வரைக்கும் வேலை இல்லை. கடையில் கறி வாங்கி ஐந்து வாய்க்குப் போடுவது நடக்கிற காரியம் இல்லை. பீன்ஸும் உருளைக்கிழங்கும் மாற்றி மாற்றிச் சமைத்தாள். சின்னவள் தட்டைப் பார்த்துவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பாள், பிறகு பேசாமல் சாப்பிடுவாள். அப்பன் குணம்.

ஊர்க் காபிக் கடையில் டுவேன் பேசாமல் இருப்பானா?

"என்ன பஸ்காரம்மா, உங்க வீட்டு பிரீசருக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று ஆரம்பித்தான். மேஜை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும், "என் வீட்ல ஒரு முழு மான் கெடக்கு. பாதி எடுத்துட்டுப் போ. ஒரே ஒரு கண்டிஷன். பிளக்கை மட்டும் கண்ணால பாரு, கையால தொடாத," என்றான்.

அவன் கொடுக்க நினைத்தது உண்மைதான். டுவேனுக்கு வாய்தான் கோணல், மனசு கோணல் இல்லை. ஆனால் அந்தப் பாதி மானை வாங்கினால், அது தீர்ந்துபோன பிறகும் இருபது வருடம் அவன் வாயில் அது வெந்துகொண்டே இருக்கும் என்று ஆர்லிஸுக்குத் தெரியும். காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"கெடுத்தது நான். நானே நிரப்புறேன். உன் பாதியை நீயே உக்காந்து தின்னு டுவேன், உடம்புக்கு நல்லது."

நாலு பேர் முன்னால் சொல்லியாயிற்று. இனித் திரும்ப முடியாது.

அவளிடம் ஒரு மான் அடிக்க அரசாங்கம் கொடுத்த அனுமதிச் சீட்டு இருந்தது. வேட்டையின் பின்பருவத்துக்குச் செல்லும் சீட்டு, பெண் மானுக்கு மட்டும். பிப்ரவரி நடுவில் அந்தப் பருவம் முடிந்துவிடும். ஜனவரி முழுக்க மானே கண்ணில் படவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ நின்றன. பிப்ரவரி பிறந்ததும் ஒரு நாள் காற்று நின்றது, வானம் துடைத்த மாதிரி ஆயிற்று, குளிர் இறங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, அதற்கும் கீழே. எச்சில் துப்பினால் தரையில் கல்லாக விழும். கதவுப்பிடியை வெறுங்கையால் தொட்டால் தோலை வைத்துக்கொண்டுதான் விடும்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சொல் உண்டு: மூக்கு ஒட்டினால் மான் இறங்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது மூக்கின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்கிறதே, அந்தக் குளிர் வந்துவிட்டால் எல்க் கூட்டம் மலையைவிட்டு ஓடைக்கரைக்கு வந்துவிடும் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆர்லிஸின் அப்பா சொன்னார், அவருடைய அப்பா சொன்னார். ஆகவே ஊர் ஆண்கள் எல்லாம் வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வண்டிகளின் புகை நேராக மேலே போய் நின்றது. மான் மட்டும் வரவில்லை. குளிர் இன்னும் போதாது, இன்னும் இறங்கட்டும், அப்புறம் பார் என்றார்கள்.

ஆர்லிஸுக்கு விடியற்காலையும் சாயங்காலமும் பஸ்ஸுக்குப் போய்விடும். அவளுக்குக் கிடைத்தது நடுப்பகல் மட்டும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மூன்று மணிக்குப் பள்ளி விடுவதற்குள் எது முடியுமோ அது. நடுப்பகலில் எவன் மான் அடித்தான் என்று டுவேன் கேட்டான். அவள் கேட்காத மாதிரி இருந்தாள். அப்பாவின் பழைய துப்பாக்கியை, குளிரில் எண்ணெய் இறுகிவிடும் என்று, பசை இல்லாமல் துடைத்து வண்டியிலேயே வைத்துவிட்டாள். வீட்டுக்குள் கொண்டுபோனால் வியர்த்து, வெளியே வந்ததும் உள்ளே பனிக்கட்டி கட்டிக்கொள்ளும். தினமும் ஓடைக்கரைப் புதருக்குள் போய், சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கால் விரல்கள் முதலில் வலிக்கும், பிறகு வலிக்காது. வலிக்காதபோது எழுந்து குதிப்பாள், மறுபடி உட்காருவாள்.

சுவடு இருந்தது. இரண்டு நாள் பழைய சுவடு, எல்லாம் மேல்நோக்கிப் போயிருந்தது. ஆள்வாசனை பட்டு ஓடிப்போயிருக்கிறது, திரும்பி வரும் என்று நினைத்தாள். இவ்வளவு வருடம் அந்த மலையைப் பார்த்தவளுக்கு அப்படித்தான் தோன்றியது. கண்ணுக்கு முன்னால் எழுதி வைத்திருந்ததைக் காது கேட்ட பழமொழி மறைத்துவிட்டது.

பருவம் முடிவதற்கு முந்தின நாள் காலை. பஸ்ஸின் கண்ணாடிகளுக்கு உள்பக்கமெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. பெரிய பிள்ளைகள் அதில் நகத்தால் படம் கீறிக்கொண்டு வந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்க உறைபனி மூட்டம். முன்விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. கடைசி நிறுத்தம் ஹெல்மி ரௌடியோவின் பண்ணை. மலையின் தோளில், டீக்கன் மேட்டுக்குக் கீழே இருக்கிறது. மாடுகள் தாண்டாமலிருக்கப் பாதையில் பதித்த இரும்புக் கிராதிகளில் மூன்றாவதைத் தாண்டியதும் ஆர்லிஸ் கையை நீட்டி ஹீட்டரைக் குறைத்தாள்.

குறைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

எதற்காகக் குறைத்தேன் என்று அவள் தன்னையே கேட்டாள். கடுங்குளிர் வரும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் குறைக்கிறாள். இத்தனை வருடமாகக் குறைக்கிறாள். அதற்குமேல் புழுங்கும், அதனால் குறைப்பாள். நிமிர்ந்து பார்த்தாள். முன்கண்ணாடியின் உறைபனி ஓரத்தில் இளகி, ஒரு துளி வழிந்து கீழே ஓடியது.

குளிர் என்பது தண்ணீர் மாதிரி. காற்று அடித்துக் கலக்காத வரைக்கும் அது பள்ளத்தைத் தேடிப்போய்த் தேங்கும். பெருமழை போலப் பனி கொட்டி, புல் மூடிப்போனால் மான் கீழே இறங்கும், அது வாஸ்தவம். யாரும் மறுக்கவில்லை. ஆனால் வானம் தெளிந்து காற்று செத்த குளிர் வேறு, பனிப்புயல் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு ஒரு ஊரே ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தது.

ஹெல்மி வாசலில் தன் இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். அவள் ஆர்லிஸோடு ஒரே வகுப்பில் படித்தவள். தலையில் தொப்பி இல்லை, கோட்டுப் பொத்தான் போடவில்லை. வீட்டு அடுப்புச் சூட்டுக்கே கூரை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஏறியதும் ஆர்லிஸ் கதவை மூடாமல் கேட்டாள்.

"ஹெல்மி, மேட்டுல மான் நிக்குதா?"

"நிக்குதே. ஒரு வாரமா நிக்குது."

"அடிப்பாவி. ஏன் சொல்லலை?"

"நீ எங்க கேட்ட? சொன்னா டுவேன் கூட்டத்தோட வந்து என் வேலியைச் சாய்ச்சுட்டுப் போவான்."

"மூக்கு ஒட்டினா மான் இறங்கும்னுதானே..."

"ஒட்டுறது உன் மூக்குடி," என்றாள் ஹெல்மி. "மான் மூக்கை யார் தொட்டுப் பாத்தா?"

பிள்ளைகள் அதை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆர்லிஸ் சிரிக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினாள், பஸ்ஸை அதன் கொட்டகையில் விட்டாள், தன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு அதே பாதையில் திரும்ப ஏறினாள். நேரே ஓடைக்கரை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே இரண்டு மூன்று வண்டிகள் புகைந்துகொண்டிருந்தன. அவள் நிற்கவில்லை.

ஹெல்மியின் வேலியைத் தாண்டி நடந்தாள். முதலில் மூட்டத்துக்குள்ளேயே நடந்தாள். முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. காற்றில் மெல்லிய பனித்துகள் மிதந்து மிதந்து முகத்தில் பட்டது. காலடியில் பனி கிறீச் கிறீச் என்று கத்தியது. அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்கும் என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. நாலு அடி வைப்பாள், நிற்பாள், மறுபடி நாலு அடி. அப்புறம் மூட்டம் வெளுத்தது. துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்ன ஆரம்பித்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மினுமினுப்பு, வைரத்தை இடித்துத் தூவின மாதிரி. அவள் தலை முதலில் வெளியே வந்தது, பிறகு தோள், பிறகு இடுப்பு. குளத்திலிருந்து கரையேறுகிறவள் போல ஏறி வந்து நின்றாள்.

நின்றவளுக்கு மூச்சு வாங்கியது ஏற்றத்தால் அல்ல.

கீழே பள்ளத்தாக்கு இல்லை. ஊர் இல்லை, ஓடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. எல்லாம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கடல், இந்த மலையிலிருந்து அந்த மலை வரைக்கும், அசையாமல் கிடந்தது. மேலே வானம் கறுப்புக்குப் பக்கத்தில் போகும் நீலம். வெயில் கன்னத்தில் கையை வைத்த மாதிரி இருந்தது. கழுத்துத் துணியை அவிழ்த்தாள். மூச்சு இழுத்தாள். மூக்கு ஒட்டவில்லை.

பிறந்ததிலிருந்து அந்த மலையடியில் இருக்கிறாள். எத்தனை குளிரில் அந்த மூட்டத்துக்கு அடியில் விறகு பிளந்தாள், பஸ் ஓட்டினாள், சாக்கு விரித்து உட்கார்ந்தாள். அத்தனை நாளும் தலைக்கு மேலே இது இப்படியே இருந்திருக்கிறது. யாரும் பார்க்காமல். கண்ணில் நீர் வந்தது, அது இமையில் உறையாமல் கன்னத்தில் வழிந்தது. அதுவும் ஒரு ஆச்சரியம்.

அப்போதுதான் சத்தம் கேட்டாள். டிக், டிக் என்று, பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து கம்பளி பின்னினால் ஊசிகள் தட்டுமே, அந்த மாதிரி. எல்க் நடக்கும்போது அதன் கால் மூட்டு அப்படிச் சொடுக்கும். இவ்வளவு பக்கத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. மெல்ல மண்டியிட்டு, ஒரு பாறைக்குப் பக்கத்தில் தவழ்ந்து போய்ப் பார்த்தாள்.

தெற்குப் பார்த்த சரிவு. காற்று எப்போதோ பனியைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. பழுப்புப் புல் வெளியே தெரிந்தது. அந்தப் புல்லின்மேல் ஐம்பது அறுபது மான்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. சில மேய்ந்தன, பல படுத்து அசைபோட்டன. ஒரு கன்று தாயின் முதுகில் தாடையை வைத்துத் தூங்கியது. நடுப்பகலில், பட்டப்பகல் வெளிச்சத்தில், ஒளிய வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல். கீழே நடுங்கிக்கொண்டு காத்திருக்கிற மனிதர்களைப் பற்றி அவற்றுக்கு என்ன? கூட்டத்தின் உடம்புச் சூடும் வைக்கோல் வாசனையும் அவள் வரைக்கும் வந்தது.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. துப்பாக்கி கொண்டுவந்ததே மறந்துவிட்டது. பிறகு சின்னவளின் தட்டு நினைவுக்கு வந்தது. மூன்று மணி நினைவுக்கு வந்தது. நாளை சனிக்கிழமை, கடைசி நாள். ஹெல்மி சொன்னதைப் பஸ்ஸில் கேட்ட பிள்ளைகள் ராத்திரிக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். டுவேனின் கூட்டம் முழுக்க மலையில் இருக்கும், மான் இருக்காது. இன்றைக்கு இல்லாவிட்டால் இல்லை.

பாறைமேல் துப்பாக்கியைச் சாய்த்தாள். அப்போது ஒரு மான் தலை தூக்கியது. வயதான பெண் மான், ஒரு காது கிழிந்தது, கழுத்து மயிர் நரைத்தது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், அவளுக்கு நேராக, பக்கவாட்டில் நின்றது. கண்ணை மூடிச் சுட்டாலும் படும். மற்றவை ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு கிடந்தன. ஒன்றைச் சுட்டால் இரண்டில் பாயும்.

முதலில் தலை தூக்குகிறவளைத் தொடாதே என்பது அவள் அப்பாவின் பேச்சு. கூட்டத்துக்கு வழி தெரிந்தவள் அவள்தான். எந்தக் குளிருக்கு எந்தச் சரிவு, எந்தப் பனிக்கு எந்தக் காடு என்று அவள் நினைவில்தான் இருக்கிறது. அவளை அடித்தால் மீதி ஐம்பதும் வேலி ஓரத்தில் வந்து நின்று விழிக்கும். மூக்கு ஒட்டினால் மான் இறங்கும் என்று சொன்னதும் அதே அப்பாதான். ஒரு பேச்சு பொய்த்துப்போன அன்றைக்கே இன்னொரு பேச்சை நம்புவதா? பாறைக்குப் பின்னால் படுத்திருந்த ஆர்லிஸுக்கு அந்தக் கேள்வி வந்தது. கிழமான் அவளையே பார்த்தது. ஒரு ஊருக்கே தெரியாததைத் தெரிந்துகொண்டு கூட்டத்தை இங்கே கொண்டுவந்து வெயிலில் போட்டவள் அதுதான். அப்பா சொன்னது இருக்கட்டும், இதைத் தன் கண்ணாலேயே பார்க்கிறாளே.

விரலைத் தளர்த்தினாள். காத்திருந்தாள். வெயில் பாறையைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்தது.

கிழமான் கனைத்தது. ஒன்றொன்றாக எல்லாம் எழுந்தன. அவசரமில்லாமல், டிக் டிக் என்று, மேட்டின் முதுகை நோக்கி அது முன்னால் நடக்க மற்றவை பின்னால் வரிசையாக நடந்தன. வரிசை ஆனதும் ஒன்றுக்கு ஒன்று இடைவெளி விழுந்தது. கடைசியாக, சினைப்படாமல் வயிறு ஒட்டிய ஒரு இளம் பெண் மான், மேய்ந்த வாயை எடுக்க மனமில்லாமல் பின்தங்கி நின்றது. ஒரே வெடி. அது நாலு அடி நடந்து மடிந்து உட்கார்ந்தது. மற்றவை மேட்டைத் தாண்டிவிட்டன. வானத்தின் விளிம்பில் கிழமான் மட்டும் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது, பிறகு அதுவும் இல்லை.

ஆர்லிஸ் போய் அதன் கழுத்தில் கையை வைத்து மண்டியிட்டிருந்தாள். பிறகு அனுமதிச் சீட்டை எடுத்து, சட்டப்படி அதில் அன்றைய தேதி இருந்த இடத்தைக் கத்தியால் வெட்டி மானின் காலில் கட்டினாள், கோட்டைக் கழற்றினாள், வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்தாள். கை முழங்கை வரைக்கும் சூடாக இருந்தது. தோல் உரிக்க ஆரம்பிக்கும்போதுதான் நிமிர்ந்து சூரியனைப் பார்த்தாள், பதறினாள்.

மூன்று மணிக்குப் பஸ் எடுக்க வேண்டும். தோலோடு விட்டுவிட்டுப் போனால், எந்தக் குளிரானாலும் உள்ளே சூடு அடங்காமல் எலும்பு ஓரத்தில் கறி கெட்டுவிடும். ஒரே பனிக்காலத்தில் இரண்டாவது மானையும் கெடுத்தவள் என்று பெயர் வரும். இருந்து உரித்தால் நாற்பது பிள்ளைகள் பள்ளி வாசலில் அந்தக் குளிரில் நிற்பார்கள். லைலின் கை இன்னும் உதவாது, ஹெல்மியின் புருஷன் ஊரில் இல்லை. யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இறங்குகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஹெல்மி வீட்டுத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஹெல்மி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் முதுகு சிரித்தது.

"டுவேன், நான்தான். டீக்கன் மேட்டுல ஒரு மான் கெடக்கு. நான் பஸ்ஸுக்குப் போகணும். கத்தியும் சறுக்குப் பலகையும் எடுத்துட்டு வா."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"மேட்டுலயா?" என்றான். "மேட்டுல யாராவது..."

"வர்றியா, இல்லையா?"

வழியில் அவன் வண்டி எதிரே வந்தது. ஜன்னலை இறக்கி, வாயைத் திறந்து, ஏதோ தயாராக வைத்திருந்தான். அவள் நிறுத்தவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். அந்தப் பக்கத்தில் அதுதான் வணக்கம், அதுதான் நன்றி. அதற்குமேல் அன்றைக்கு அவளால் முடியவில்லை.

பிள்ளைகள் ஒருவரும் காத்திருக்கவில்லை. மணி அடிக்கும்போது பஸ் வாசலில் நின்றது. சட்டைக் கையில் ரத்தம் பார்த்துவிட்டு ஒருவன் இன்னொருவனிடம் சொல்ல, கடைசி வரிசை வரைக்கும் செய்தி போயிற்று. வழக்கமாகக் கத்துகிற பிள்ளைகள் அன்றைக்குப் பெரிய மரியாதையோடு இறங்கிப் போனார்கள். ஹெல்மியின் பிள்ளைகளைக் கடைசியாக இறக்கி, பஸ்ஸை அவள் முற்றத்திலேயே நிறுத்தி, ஆர்லிஸ் மறுபடி ஏறினாள்.

மூட்டத்தைவிட்டு வெளியே வந்தபோது வெள்ளைக் கடல் ரோஜா நிறமாகியிருந்தது. சூரியன் அதன் விளிம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. மான் சுத்தமாக உரித்து, நாலு காலும் விலாவும் தனித்தனியாகப் பிரித்து, பனிமேல் ஆற வைத்திருந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. டுவேன் பக்கத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில் இருந்தது. அவள் வந்த சத்தத்துக்கு அவன் திரும்பவில்லை.

"என்ன, நாக்கு உறைஞ்சு போச்சா?" என்றாள்.

அவன் கீழே கையைக் காட்டினான். ரோஜாக் கடலில் ஒரு இடத்தில் மட்டும் மெல்லிய புகைக் கோடுகள் முளைத்து, மேலே வந்து, வெயில் பட்டுத் தங்கமாகிக் கரைந்தன. ஓடைக்கரையில் நிற்கிற வண்டிகளின் புகை.

"அதுல ஒண்ணு என்னோடதா இருந்திருக்கும்," என்றான். "எல்லா வருஷமும் அங்கதான் இருந்தேன், ஆர்லிஸ். எங்கப்பனும் அங்கதான் இருந்தான்." மடியில் இருந்த தொப்பியை ஒரு சுற்றுத் திருப்பி, "நீ கூப்பிடலைன்னா செத்திருப்பேன், இதைப் பாக்காமலே," என்றான்.

அதற்கு ஒரு கேலி அவள் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல கேலி. விழுங்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூரியன் முழுகும் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. டுவேன் பேசாமல் இருந்ததற்குச் சாட்சி அவள் ஒருத்திதான். ஊரில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

பிறகு கறியைச் சறுக்குப் பலகையில் ஏற்றி இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். குளிர் முதலில் காலைப் பிடித்தது, பிறகு முழங்கால், இடுப்பு. குளத்துக்குள் இறங்குவது போல இறங்கித் தலை மூழ்கினார்கள். ராத்திரிக் குளிர் அதற்குள் ஹெல்மி வீடு வரைக்கும் ஏறியிருந்தது, மூக்கு ஒட்டியது. டுவேனுக்குப் பேச்சும் திரும்பிவிட்டது.

ஹெல்மியின் முற்றத்தில் ஆர்லிஸ் ஒரு பின்னங்காலைத் தூக்கி அவன் வண்டியில் போட்டாள். அவன் வேண்டாம் என்றான். தன் வீட்டில் முழு மான் இருக்கிறது என்றான், அண்ணன் பிள்ளைகள் சாப்பிடட்டும் என்றான். மலையிலிருந்து இறக்கினவனுக்கு ஒரு கால், அது அங்கே எழுதாத சட்டம். மறுப்பது கொடுத்தவளை அடிப்பதற்குச் சமம்.

"எடுத்துட்டுப் போ," என்றாள். "ஒரே ஒரு கண்டிஷன். உன் வீட்டு பிளக்கைப் பாத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரீசர் நிரம்பியது. லைல் ஒற்றைக் கையால் கடைசிப் பொட்டலத்தை வைத்து மூடினான். மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான். "நல்ல கறி," என்றான். அவன் கணக்கில் அது ஒரு பிரசங்கம்.

அன்றைக்கு ராத்திரியும் குளிர் அப்படியேதான் இருந்தது. கொட்டகைக்குள் கறி தானாகவே கல்லாகக் கிடக்கும், பிரீசரே வேண்டாம். ஒரு ராத்திரிக்கு ஒயரைப் பிடுங்கி வண்டிக்குச் செருகு என்று லைல் ஜாடை காட்டினான். அவள் காது கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வண்டி எழுந்திருக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். ஆர்லிஸ் கழுத்துத் துணியை மூக்கு வரைக்கும் ஏற்றிக் கட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற கொட்டகைக்கு நடந்தாள். மூட்டத்தில் தெருவின் அந்தப் பக்கம்கூடத் தெரியவில்லை. நடுவழியில் நின்று தலையை அண்ணாந்து, மேடு இருக்கிற திசையைப் பார்த்தாள். வெறும் வெள்ளைதான். அதற்கு மேலே அந்தக் காது கிழிந்தவள் இந்நேரம் விடிந்த வெயிலில் முதுகை நீட்டிப் படுத்துக்கொண்டு அசைபோடுவாள் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. நேரமாகிவிட்டது, நடந்தாள்.